மூன்று நிபந்தனைகளும் அவற்றின் திருத்தங்களும்: செயற்கைப் பலபடி நீர்க்களிகளின் உயிர்மருத்துவ வடிவமைப்பு வரலாறு (1952–1999)

ஆய்வுச் சுருக்கம்

நீரை உள்வாங்கி வீங்கியும் அதில் கரையாது நிற்கும் செயற்கைப் பலபடி வலையமைப்பு நீர்க்களி (ஹைட்ரோஜெல்) எனப்படும். உடல் திசுவோடு இசைந்து பயன்படுதற்கென்றே வடிவமைக்கப்பட்ட முதல் நீர்க்களி 1950களில் செக்கோஸ்லோவாக்கியாவில் உருவானது. அதன் வரலாறு பெரும்பாலும் 1961ஆம் ஆண்டின் ஒரு சமையலறை நிகழ்ச்சியாகச் சுருக்கிச் சொல்லப்படுகிறது. ஓட்டோ விக்தெர்லே, டிராஹோஸ்லாவ் லீம் ஆகிய இருவரும் 1960இல் வெளியிட்ட மூன்று வடிவமைப்பு நிபந்தனைகளே அவ்வரலாற்றின் மையம் என்பதையும், பின்வந்த நாற்பதாண்டு வளர்ச்சி அந்நிபந்தனைகளை ஒவ்வொன்றாகத் திருத்தியதன் விளைவே என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: நீர்க்களி, பலபடி, பாலிஹெமா, தொடுவில்லை, சுழற்சி வார்ப்பு, உயிர்ப்பொருந்துமை.

முன்னுரை

அறிவியல் வரலாற்றில் சில கண்டுபிடிப்புகள் ஒரு கதையோடு பிணைந்தே நினைவுகூரப்படுகின்றன. மென்தொடுவில்லையின் கதை அத்தகையது. கிறிஸ்துமஸ் விடுமுறையில், மகனின் விளையாட்டுப் பொருள்களைக் கொண்டு, வீட்டுச் சமையலறையில் ஓர் அறிஞர் உலகின் முதல் நல்ல மென்வில்லைகளை வார்த்தெடுத்தார் என்பது அக்கதை. அது உண்மையே. எனினும் அது முழு வரலாறு அன்று. அந்த நாளுக்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே வில்லைக்கான பொருள் உருவாகிவிட்டது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அப்பொருளின் கொள்கை அச்சாகிவிட்டது. சமையலறையில் தீர்க்கப்பட்டது வேறொரு சிக்கல்.

கதையை மட்டும் நினைவில் கொண்டால், ‘வடிவமைப்பு’ என்னும் சொல்லின் பொருள் மறைந்துவிடுகிறது. கிடைத்த பொருளை உடலுக்குள் வைத்துப் பார்ப்பது ஒரு முறை. உடல் எதை ஏற்கும் என்று முதலில் வரையறுத்து, அவ்வரையறைக்கு ஏற்ற மூலக்கூற்றைக் கட்டுவது மற்றொரு முறை. முதல் முறையிலிருந்து இரண்டாம் முறைக்கு நேர்ந்த மாற்றமே நீர்க்களி வரலாற்றின் தொடக்கம்.

1. கடினப் பலபடிகளின் காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மருத்துவத்தில் நுழைந்த செயற்கைப் பலபடிகள் பிற துறைகளுக்காக உருவானவை. இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் ஹரால்டு ரிட்லி 1949 நவம்பரில் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட்டால் ஆன செயற்கை விழிவில்லையை முதன்முறையாக மனிதக் கண்ணுள் பொருத்தினார். போர் விமானங்களின் விமானியறை மூடி சிதறி, அதன் துணுக்குகள் கண்ணுள் புகுந்த நிலையிலும் கண் பெரிதாக எதிர்வினை காட்டாததைக் கண்டதே அவர் அப்பொருளைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம். அமெரிக்காவில் கெவின் டூஹி 1948இல் அதே பலபடியைக் கொண்டு கருவிழியின் மேல் மட்டும் அமரும் சிறிய கடினத் தொடுவில்லையை உருவாக்கினார்.

இவ்விரு முயற்சிகளிலும் பொருள் முன்னரே இருந்தது. பயன் பின்னர் வந்தது. கண்ணாடிபோல் தெளிந்த அப்பலபடி உறுதியானது, வினைபுரியாதது. ஆனால் அது நீரை ஏற்பதில்லை. அதன் ஊடே உயிர்வளி செல்வதும் மிகக் குறைவு. நீர் நிறைந்த, நெகிழ்ந்த, இடைவிடாது பொருள்களைப் பரிமாறிக்கொள்ளும் திசுவுக்கு அது என்றும் அந்நியமே.

2. வினா திரும்பிய விதம்

ஓட்டோ விக்தெர்லே 1913இல் மொராவியாவின் புரோஸ்தெயோவ் நகரில் பிறந்தவர். 1939 நவம்பரில் நாஜி ஆட்சியாளர் செக் பல்கலைக்கழகங்களை மூடியபோது பிராகில் அவரது கல்விப்பணி தடைப்பட்டது. காலணிகளால் இந்தியரும் நன்கறிந்த பாட்டா நிறுவனத்தின் ஸ்லின் நகர் ஆய்வுக்கூடத்தில் அவர் சேர்ந்தார். அங்கு 1941இல் நைலானை ஒத்த ‘சிலான்’ என்னும் இழையை அவரது குழு உருவாக்கியது. 1942இல் கெஸ்டாப்போ அவரைக் கைதுசெய்து சில மாதம் சிறையில் வைத்தது. போருக்குப் பின் பிராக் திரும்பிப் பேராசிரியரானார்.

1952இல் ஒரு ரயில் பயணத்தில் நீர்க்களியின் வினா எழுந்தது என்று விக்தெர்லே பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். உடன் பயணித்த சுகாதார அமைச்சகம் சார்ந்த ஒருவர் கண் மருத்துவ இதழ் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். அகற்றப்பட்ட கண்ணுக்கு மாற்றாக டாண்டலம் உலோகத்தைப் பதிப்பது பற்றிய கட்டுரை அதில் இருந்தது. உலோகத்தைவிட, திசுவைப் போல நீர் கொண்ட பலபடி ஒன்றே அவ்விடத்துக்குப் பொருந்தும் என்பது விக்தெர்லேயின் கருத்து.

இக்கருத்தின் புதுமை நுட்பமானது. ‘இப்பொருளை உடல் தாங்குமா?’ என்பதே அதுவரை கேட்கப்பட்ட வினா. ‘உடல் தாங்கும் பொருள் எத்தகையதாக இருத்தல் வேண்டும்?’ என்று விக்தெர்லே அதைத் திருப்பினார். ஒரு களி எவ்வளவு வீங்கும் என்பதைக் கணிக்கும் கோட்பாடு அப்போது இருந்தது. பால் ஃபுளோரியும் ஜான் ரேனரும் 1943இல் அதை வகுத்திருந்தனர். நீரோடு கலக்க முனையும் பலபடிச் சங்கிலிகளின் நாட்டமும், விரிவை எதிர்க்கும் வலையின் மீள்விசையும் சமனுறும் இடத்தில் வீக்கம் நிற்கும். குறுக்குப் பிணைப்புகள் கூடினால் நீர் குறையும். குறைந்தால் நீர் கூடும், ஆனால் களி வலுவிழக்கும். எனவே நீரின் அளவு வேதியியலார் தாமே முடிவுசெய்யத்தக்க ஒன்றாயிற்று.

3. ஹெமாவின் வேதியியல்

விக்தெர்லேயுடன் பணியாற்றிய இளம் வேதியியலார் டிராஹோஸ்லாவ் லீம். இருவரும் தெரிந்தெடுத்த ஒற்றைப்படி 2-ஹைட்ராக்சிஎதில் மெத்தாக்ரிலேட்; சுருக்கமாக ஹெமா. அதற்கான காப்புரிமை விண்ணப்பம் 1953இல் அளிக்கப்பட்டது.

ஹெமா, ரிட்லி பயன்படுத்திய பலபடியின் ஒற்றைப்படிக்கு நெருங்கிய உறவுடையது. இரண்டுக்கும் முதுகெலும்பு ஒன்றே. மெத்தில் மெத்தாக்ரிலேட்டின் எஸ்டர் முனையில் மெத்தில் தொகுதி உள்ளது. ஹெமாவில் அவ்விடத்தில் ஹைட்ராக்சில் தாங்கிய ஈரணுக் கார்பன் சங்கிலி உள்ளது. இந்த ஒரு மாற்றமே நீரை விலக்கும் பலபடியை நீரை விரும்பும் பலபடியாக்கியது. முதுகெலும்பை ஒட்டிய மெத்தில் தொகுதி எஸ்டர் பிணைப்பை மறைத்துக் காப்பதால், உடலின் வெப்பநிலையிலும் காரகாடி நிலையிலும் அது எளிதில் நீராற்பகுப்படைவதில்லை.

இரு முனைகளிலும் வினைபுரியும் எத்திலீன் கிளைக்கால் டைமெத்தாக்ரிலேட்டைச் சிறிதளவு சேர்த்தால் சங்கிலிகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்து முப்பரிமாண வலையாகின்றன. இவ்வாறு கிடைக்கும் பாலிஹெமா, உலர்ந்த நிலையில் கண்ணாடிபோல் கடினமானது, நீரில் இட்டால் மென்மையுற்று, தன் எடையில் ஏறத்தாழ 38 விழுக்காடு நீரைக் கொள்ளும், தெளிவும் கெடாது. கடைதலுக்கும் மெருகிடலுக்கும் உலர்நிலை, அணிதலுக்கு ஈரநிலை என இரு நிலைகள் ஒரே பொருளில் அமைந்தன.

4. 1960: மூன்று நிபந்தனைகள்

‘நேச்சர்’ இதழின் 1960 ஜனவரி வெளியீட்டில், உயிரியல் பயன்பாட்டுக்கான நீர்விரும்பும் களிகள் குறித்து விக்தெர்லேயும் லீமும் இரண்டு பக்க அளவிலான கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். உயிர்த்திசுவுடன் நிலையான தொடர்பில் இருக்கவேண்டிய பலபடி நிறைவுசெய்ய வேண்டிய தேவைகளை அக்கட்டுரை வரையறுத்தது. அவற்றின் சாரம் பின்வருமாறு:

ஒன்று: வேண்டிய அளவு நீரைக் கொள்ள இடந்தரும் கட்டமைப்பு.
இரண்டு: இயல்பான உயிரியல் செயல்முறைகளால் சிதையாமையும், உயிரிக்குத் தீங்கான வினைகளைத் தூண்டாமையும்.
மூன்று: வளர்சிதை மாற்றப் பொருள்கள் ஊடுருவிச் செல்ல இடந்தருதல்.

இவற்றில் எதுவும் குறிப்பிட்ட ஒரு பொருளின் பெயரைச் சொல்லவில்லை என்பது கருதத்தக்கது. பாலிஹெமா அவற்றை நிறைவுசெய்யும் ஓர் எடுத்துக்காட்டாகவே வந்தது. பொருளுக்கு முன்னதாகத் தேவை வைக்கப்பட்டது. நூற்பா சுருங்கியும் உரை விரிந்தும் செல்வது தமிழ் மரபு. இக்குறுங்கட்டுரைக்கும் பின்வந்த ஆய்வுகளுக்கும் உள்ள உறவு ஏறத்தாழ அத்தகையது. உரைகாரர் சிலர் நூற்பாவை விளக்கினர், சிலர் மறுத்தனர்.

5. வடிவம் என்னும் இடர்ப்பாடு

பொருளும் கொள்கையும் கிடைத்த பின்னும் பயன்படத்தக்க வில்லை கிடைக்கவில்லை. மூடிய அச்சுகளில் வார்த்த வில்லைகளை வெளியே எடுக்கும்போது மென்மையான விளிம்புகள் கிழிந்தன. பிராக் கண் மருத்துவமனையில் மாக்சிமிலியான் டிரைஃபுஸ் அவற்றை நோயாளிகளிடம் சோதித்தார். கண் பொருளை ஏற்றது. ஒழுங்கற்ற விளிம்பையே ஏற்கவில்லை.

இதற்கிடையே, 1958இல் அரசியல் களையெடுப்பு ஒன்றில் விக்தெர்லே தம் உயர்கல்வி நிறுவனப் பதவியை இழந்தார். ஆயினும், 1957இல் பிராகில் நடைபெற்ற பன்னாட்டுப் பெருமூலக்கூறு வேதியியல் கருத்தரங்கு இத்துறைக்கெனத் தனி நிறுவனம் தேவை என்ற எண்ணத்தை வலுப்படுத்தியிருந்தது. அவ்வாறு செக்கோஸ்லோவாக் அறிவியல் கழகத்தின்கீழ் உருவான பெருமூலக்கூறு வேதியியல் நிறுவனத்தின் தலைமை அவருக்குக் கிடைத்தது. எனினும் 1961இல் தொடுவில்லை ஆய்வுக்கு அளிக்கப்பட்ட ஆதரவு நிறுத்தப்பட்டது. நல்ல வில்லைகளின் விளைச்சல் குறைவாயிருந்த நிலையில் அம்முடிவை அறியாமை என்று மட்டும் தள்ளிவிட முடியாது. பொருளின் தோல்வியையும் வார்ப்புமுறையின் தோல்வியையும் வேறுபடுத்திக் காணாமையே அதன் பிழை.

விக்தெர்லே பணியை வீட்டுக்குக் கொண்டுசென்றார். ‘மெர்குர்’ என்னும் சிறுவர் கட்டுமானப் பொருள்களைக் கொண்டு சட்டத்தை அமைத்தார். மிதிவண்டி டைனமோ மின்னோடியாயிற்று. அழைப்புமணியின் மின்மாற்றி அதற்கு மின்னூட்டியது. 1961 கிறிஸ்துமஸ் வேளையில் அக்கருவியில் நான்கு வில்லைகள் வார்க்கப்பட்டன. அவற்றின் விளிம்புகள் வழுவழுப்பாக இருந்தன. அடுத்த சில மாதங்களில் அவரும் அவர் மனைவியும் வீட்டிலேயே ஆயிரக்கணக்கான வில்லைகளைச் செய்தனர்.

இச்சுழற்சி வார்ப்பின் தத்துவம் எளிது. குழிந்த திறந்த அச்சில் நீர்ம ஒற்றைப்படிக் கலவையை இட்டுச் சுழற்றினால், அதன் மேற்பரப்பு பரவளைய வடிவில் குழியும். சுழலும் நிலையிலேயே பலபடியாக்கம் நிகழ்வதால் அவ்வடிவம் நிலைபெறுகிறது. வில்லையின் புறப்பரப்பை அச்சும், உட்பரப்பைச் சுழற்சி வேகமும் முடிவுசெய்கின்றன. வேகம் கூடினால் குழிவு கூடும். விளிம்பை எவரும் வெட்டுவதில்லை. நீர்மத்தின் மேற்பரப்பு இழுவிசை அதைத் தானே வழுவழுப்பாக்குகிறது. மூடிய அச்சு இல்லையாதலின் கிழியவும் இடமில்லை.

ஆகவே 1953இல் நிகழ்ந்தது மூலக்கூற்றின் வடிவமைப்பு. 1961இல் நிகழ்ந்தது உருவின் வடிவமைப்பு. முன்னதில் லீமின் பங்கு இன்றியமையாதது. சமையலறைக் கதை மட்டுமே எஞ்சும்போது முதலில் மறைவது அவர் பெயர்.

6. உரிமமும் ஒழுங்குமுறையும்

அறிவியல் கழகம் 1965இல் இக்காப்புரிமைகளின் உரிமத்தை அமெரிக்காவின் நேஷனல் பேட்டன்ட் டெவலப்மென்ட் நிறுவனத்துக்கு அளித்தது. அடுத்த ஆண்டு அந்நிறுவனம் பாஷ் அண்ட் லாம் நிறுவனத்துக்குத் துணை உரிமம் வழங்கியது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மென்வில்லையை மருந்துக்குரிய நடைமுறைகளுக்கு உட்படுத்தி, 1971இல் விற்பனைக்கு ஒப்புதல் தந்தது. மருத்துவச் சாதனங்களுக்கான விரிவான சட்டத் திருத்தம் அந்நாட்டில் 1976இல்தான் வந்தது. நீரைத் தாங்கும் பலபடி ஒன்று மருந்தா சாதனமா என்ற ஐயம், நீர்க்களி பழைய வகைப்பாடுகளுக்குள் அடங்காத புதுப்பொருள் என்பதைக் காட்டுகிறது.

வில்லை உலகச் சந்தையை எட்டிய காலத்தில் அதன் ஆக்குநர் தம் நாட்டில் ஒதுக்கப்பட்டார். 1968இல் சீர்திருத்தத்தை ஆதரித்த ‘இரண்டாயிரம் சொற்கள்’ அறிக்கையில் விக்தெர்லே கையொப்பமிட்டிருந்தார். சோவியத் படையெடுப்பைத் தொடர்ந்த ஒடுக்குமுறையில் 1970இல் நிறுவனத் தலைமை அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. ஆட்சி மாற்றத்துக்குப் பின் 1990இல் அறிவியல் கழகத்தின் தலைவரானார்; 1998இல் மறைந்தார். அவர் நிறுவிய நிறுவனம் அறிஞர் பரம்பரை ஒன்றையும் உருவாக்கியது. பலபடி மருந்துக் கடத்திகளில் முன்னோடியான யிந்த்ரிஹ் கோபெச்செக் அங்கு உருவாகிப் பின்னர் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர்.

7. நிபந்தனைகளின் திருத்தம்

7.1 ஊடுருவல்: மூன்றாம் நிபந்தனை முதலில் சோதனைக்குள்ளானது. கருவிழிப் படலத்தில் (கார்னியா) குருதிக் குழாய்கள் இல்லை. விழித்திருக்கும் வேளையில் அது தனக்கு வேண்டிய உயிர்வளியைப் பெரும்பாலும் காற்றிலிருந்தே பெறுகிறது. பாலிஹெமாவில் உயிர்வளி, களியிலுள்ள நீரின் வழியாகவே செல்கிறது. எனவே நீரின் அளவே உயிர்வளிக்கு எல்லையாகிறது. வில்லை அணிந்தபடி உறங்கியவர்களிடம் கருவிழி வீக்கமும், விளிம்பிலிருந்து குருதிக் குழாய்கள் உள்வளர்தலும் காணப்பட்டன. இரவிலும் அணிய எவ்வளவு உயிர்வளிக் கடத்தல் வேண்டும் என்பதை பிரையன் ஹோல்டனும் ஜார்ஜ் மெர்ட்ஸும் 1984இல் அளவிட்டுக் கூறினர். அவ்வளவை மரபான நீர்க்களிகள் எட்ட முடியவில்லை. நீரைவிடச் சிலிக்கோன் உயிர்வளியை நன்கு கடத்தும். ஆனால் அது நீரை விலக்கும். இவ்விரண்டையும் ஒன்றோடொன்று பின்னிய தொடர் கட்டங்களாக அமைத்த சிலிக்கோன் நீர்க்களி வில்லைகள் 1999 அளவில் சந்தைக்கு வந்தன. ‘நீர் இருந்தால் ஊடுருவலும் இருக்கும்’ என்ற எடுகோள் இவ்வாறு கைவிடப்பட்டது.

7.2 நீரளவு: முதல் நிபந்தனை நீரின் அளவை நிலையான ஒன்றாகக் கருதியது. டொயோயிச்சி டனகா 1978இல், பாலிஅக்ரிலமைடு களிகள் சூழலின் சிறு மாற்றத்துக்கும் திடீரெனச் சுருங்கக்கூடும் என்று காட்டினார். என்-ஐசோபுரொப்பைல் அக்ரிலமைடின் பலபடி ஏறத்தாழ 32 பாகை செல்சியசுக்கு மேல் நீரை விலக்கும். கீழே நீரை ஏற்கும். தெருவோ ஒகானோவின் குழு இப்பண்பைக் கொண்டு உயிரணு வளர்ப்புப் பரப்புகளை 1990இல் அமைத்தது. 37 பாகையில் ஒட்டி வளர்ந்த உயிரணுக்கள், வெப்பநிலை தணிந்ததும் நொதியின் உதவியின்றிப் பரப்பை விட்டு நீங்கின. நீரளவு இங்கு நிலைப்பண்பாக இல்லாமல் ஒரு செயலாக மாறியது.

7.3 சிதையாமை: மிகப் பெரிய மாற்றம் இரண்டாம் நிபந்தனையில் நேர்ந்தது. சிதையாத பொருளும் உடலில் வாளாவிருப்பதில்லை. திசுவினுள் பதித்த பாலிஹெமாவில் சுண்ணாம்பு உப்புகள் படிவது அறியப்பட்டது. நீர்விரும்பும் அக்ரிலிக் விழிவில்லைகள் சிலவும் அவ்வாறே காலப்போக்கில் மங்கின. சிதைவைத் தடுக்க வேண்டிய குறையாகக் கருதாமல், திட்டமிட வேண்டிய பண்பாகக் கருதும் போக்கு வளர்ந்தது. ஜெஃப்ரி ஹப்பெல் முதலானோர் 1993இல், பாலிஎத்திலீன் கிளைக்காலுடன் நீராற்பகுப்படையும் சிறு கண்ணிகளை இணைத்து, ஒளியால் உடலிடத்தே களியாகிப் பின்னர் கரைந்தொழியும் நீர்க்களிகளை விவரித்தனர். எத்தனை கண்ணிகள், எவ்வகை எஸ்டர் என்பவற்றை மாற்றிக் களியின் ஆயுளை மாற்றலாம். தற்காலிகத் தாங்கியாக நின்று, திசு வளர்ந்ததும் விலகிச் செல்லும் பொருளுக்குச் சிதைவே தகுதி.

முடிவுரை

செயற்கை நீர்க்களிகளின் உயிர்மருத்துவ வரலாற்றில் 1960ஆம் ஆண்டின் கட்டுரை பெறும் இடம், அது முன்வைத்த பொருளால் மட்டும் அமைந்ததன்று. பொருளைத் தேடுமுன் தேவையை வரையறுத்தல் என்னும் முறையை அது நிறுவியது. அதன் மூன்று நிபந்தனைகளும் பின்னர் திருத்தம் பெற்றன. ஊடுருவல் நீரிலிருந்து பிரிக்கப்பட்டது, நீரளவு இயங்குபண்பாயிற்று, சிதையாமை விரும்பத்தக்க சிதைவுக்கு இடம் தந்தது. தெளிவாக எழுதப்பட்டமையாலேயே அவை திருத்தத்தக்கனவாக இருந்தன.

இவ்வரலாறு ஆய்வு நிர்வாகத்துக்கும் ஒன்றை உணர்த்துகிறது. 1961இல் நிறுத்தப்பட்ட ஆய்வில் மூலக்கூறு பிழையற்றது, வார்ப்புமுறையே குறையுடையது. எது தோற்றது என்று பகுத்தறியாமல் முழுமுயற்சியையும் கைவிடும்போது இழப்பு நேர்கிறது. விக்தெர்லேயிடம் ஒரு டைனமோவும் ஒரு சமையலறையும் இருந்தமையால் அவ்விழப்பு அன்று தவிர்க்கப்பட்டது. அத்தகைய தனிமனித விடாப்பிடியை நம்பி எந்த ஆய்வு அமைப்பும் இயங்குதல் இயலாது. வீரக்கதையாக மட்டும் இதனை வாசிப்போர், லீமின் வேதியியலையும் டிரைஃபுஸின் சோதனையையும் அக்கதைக்கு அப்பால் உள்ள நாற்பதாண்டுத் திருத்தங்களையும் காணத் தவறுவர். ஆனால் ஒரு பொருள் திசுவுக்கு உகந்ததாக மாறிய வழி அவற்றின் ஊடேதான் சென்றது.